மூன்றாம் பக்கம், பதினெட்டாம் வரி

மைதாப் பசையின் நெடியை வாசனை என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக்கூடும். கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் அடிபிடித்த கஞ்சி, அதற்கும் அடியில் மயில்துத்தத்தின் கசப்பு. போன செவ்வாய்க்கிழமை காலை, மருத்துவமனை வாசலில் அக்காவோடு நின்றுகொண்டிருந்தபோது அது வந்து முகத்தில் மோதியது. எதிர்ச் சுவரில் ஒருவர் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். பெயிண்ட் வாளியில் பசை. கையாலேயே அள்ளிச் சுவரில் பூசி, தாளை விரித்து, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவினார். சரியான முறை அதுதான். ஓரத்திலிருந்து நடுவுக்கு நீவினால் காற்று மாட்டிக்கொண்டு கொப்புளம் விழும். இது எனக்குத் தெரிந்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

“என்னடா, மூக்க அப்படி உறிஞ்சற?” என்றாள் அக்கா.

“பசைக்கா.”

“டெல்லிக்குப் போயிட்டியா?”

“போயிட்டேன்.”

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அவளுடைய சிரிப்புகளில் பாதி அப்படித்தான் முடியும். பையிலிருந்து இன்ஹேலரை எடுத்துக் காதோரம் குலுக்கினாள். சத்தத்தை வைத்தே இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று சொல்லிவிடுவாள். “நாலு நாளு,” என்றாள்.

நான் இப்போது ரெட்டியார்பாளையத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பகல் காவலாளி. ஒரு நாற்காலி, ஒரு குடை, வருகிறவர்கள் கையெழுத்துப் போடுகிற நோட்டு. வாழ்க்கையில் நான் உட்கார்ந்து பார்க்கிற முதல் வேலை. மூன்றாவது மாடியில் இருக்கிற வாத்தியார் படித்து முடித்த செய்தித்தாளை எனக்குக் கொடுப்பார். பழைய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றை எடுத்துவிட்டுப் புதிதாக ஒரு தொகுப்பு கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அதில் ஒருநாள் இருந்தது. எடுக்கப்பட்டவற்றின் பட்டியலும் கூடவே இருந்தது. விரலை வைத்துக்கொண்டே கீழே போனேன். எங்கள் சட்டம் இருந்தது.

எங்கள் சட்டம் என்று நான் சொல்வது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அக்காவின் இன்ஹேலர், மாத்திரை, மாதம் ஒருமுறை நெஞ்சுக்கு டாக்டர், எல்லாமே அந்தச் சட்டத்தின் ஒரே ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தவை. சட்டம் போனால் அவளுடைய மருத்துவக் கார்டு போகுமா? நான்கு நாளைக்குப் பிறகு என்ன செய்வது? இதைக் கேட்கத்தான் வந்திருந்தோம். கவுன்டர் ஒன்பது மணிக்குத் திறக்கும். நாங்கள் ஏழரைக்கே வந்துவிட்டோம். அந்த வரி எனக்குத் தெரியும். ஒருகாலத்தில் அதை விரல் வைத்து எண்ணியவன் நான். தப்பாக எண்ணியவனும் நான்தான்.

எட்டாம் வகுப்பை முக்கால்வாசி பள்ளிக்கூடத்தில் படித்தேன். மீதியை லாரியில் படித்தேன். கிளீனராக ஏறி, நாக்பூரில் ஆரஞ்சுக் கிடங்கில் இறங்கி, ரயில்வே கேன்டீன், துணிச் சாயப்பட்டறை என்று ஒவ்வோர் ஊராக மேலே போனேன். எங்கேயும் இரண்டு வருஷம் தாண்டியதில்லை. கால் அரிக்கும், கிளம்பிவிடுவேன். நடுவில் பட்டினி கிடந்த நாட்கள் உண்டு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பட்டினியில் எல்லா ஊரும் ஒரே ஊர்தான்.

வீட்டில் நிலையாக இருந்தவள் தனம் அக்கா. அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போன பிறகு அவள் பஞ்சாலைக்கு வேலைக்குப் போனாள், பதிலி ஆளாக. நிரந்தரத் தொழிலாளி ஒருவர் அன்றைக்கு வராவிட்டால் அவருடைய இடத்தில் நிற்கிற ஆளுக்குப் பதிலி என்று பெயர். சங்கு ஊதுவதற்கு முன்பே வாசலில் போய் வரிசை போட வேண்டும். சங்கு ஊதி, நிரந்தர ஆட்கள் உள்ளே போன பிறகு மேஸ்திரி வெளியே வந்து விரலை நீட்டுவார். நீ, நீ, அப்புறம் நீ. மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம். விரல் தன் பக்கம் வராத நாட்களில் அக்கா நேராக வைத்திக்குப்பத்துக்கு நடந்துபோய், ஏலம் முடிந்த மீனைக் கூடையில் சுமப்பாள். பதினேழு வருஷம் இப்படி. பஞ்சுத்தூசி நெஞ்சுக்குள் போகும்போது இவர் நிரந்தரமா பதிலியா என்று விசாரித்துவிட்டுப் போவதில்லை. ஆலையின் பதிவேடு விசாரித்தது. அவள் பெயர் அதில் இல்லை.

நான் அந்தச் சமயம் டெல்லியில் ஒரு தமிழ் மெஸ்ஸில் சாம்பார் வாளியோடு அலைந்துகொண்டிருந்தேன். ஒருநாள் வேட்டி கட்டிய ஒருவர், நான் யாரையோ சத்தம் போட்டதைக் கேட்டு இலையிலிருந்து நிமிர்ந்தார்.

“எந்த ஊருடா?”

“பாண்டிச்சேரிங்க. முத்தியால்பேட்ட.”

“முத்தியால்பேட்டைல எங்க?”

“சொல்தா வீட்டுக்குப் பின்னாடி சந்துங்க.”

“எந்தச் சொல்தா? தெருவுக்கு ரெண்டு சொல்தா கெடக்கறான்.”

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். இது தெரிந்தவர் அந்நியராக இருக்க முடியாது. அவர் பக்கத்துத் தமிழ்நாட்டுத் தொகுதி ஒன்றின் நாடாளுமன்ற உறுப்பினர். எங்கள் ஊருக்கு மாப்பிள்ளை. மாமனார் வீடு எங்கள் சந்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. அடுத்த வாரமே சாம்பார் வாளியை இறக்கி வைத்துவிட்டு அவருடைய குடியிருப்பில் வேலைக்குச் சேர்ந்தேன். ஐயா என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

சமையல், துணி, டீ என்றுதான் வேலை ஆரம்பித்தது. காகிதம் பிறகு வந்தது. கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் விடியற்காலை ஐந்தரைக்கு ஒருவர் வந்து கதவருகே ஒரு கட்டைப் போட்டுவிட்டுப் போவார். அன்றைய அலுவல் பட்டியல், கேள்விகள், அறிக்கைகள், மசோதாக்கள். அதோடு, முந்தைய நாள் வந்த மசோதாவில் இருந்த அச்சுப்பிழைகளுக்கான திருத்தச் சீட்டு. சட்டம் என்றால் கல்லில் வெட்டியது மாதிரி இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். பிழை இல்லாத மசோதா ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

எழுந்து நின்று பேசும்போது சீட்டையும் மசோதாவையும் மாற்றி மாற்றிப் புரட்ட ஐயாவுக்கு வரவில்லை. அதனால் சீட்டை வரி வரியாகக் கத்தரித்து, அந்தந்த இடத்தில் மசோதாவிலேயே ஒட்டிக் கொடுக்கச் சொன்னார். மற்ற உறுப்பினர் வீடுகளில் யாரும் இப்படிச் செய்ததாகத் தெரியவில்லை. பால் காய்ச்சும் பாத்திரத்தில் மைதாவைக் கிண்டி, கரப்பான் வராமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டு, தினமும் பசை செய்தேன். இந்த நாட்டின் சட்டங்களில் சிலவற்றில் என் கை பட்டிருக்கிறது என்று நான் சொல்லும்போது அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒட்ட ஒட்ட ஒரு விஷயம் புரிந்தது. மசோதாவை அமைச்சர் அறிமுகப்படுத்துவார். சில குழுவுக்குப் போகும், கொஞ்சம் சதை போட்டுத் திரும்பி வரும். பிறகு பொதுவாகப் பேசுவார்கள். அதற்கும் பிறகுதான் பிரிவு பிரிவாக எடுப்பார்கள். திருத்தம் கொடுத்த உறுப்பினர் அவருடைய பிரிவு வரும்போது எழுந்து, இந்த வரியில் இதைச் சேர்க்க வேண்டும் என்பார். அமைச்சர், உறுப்பினரின் அக்கறை புரிகிறது, திருத்தத்தைத் திரும்பப் பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன் என்பார். உறுப்பினர் திரும்பப் பெறுவார். கல்யாண வீட்டில் இன்னும் ஒரு வாய் சாப்பிடுங்கள் என்பதும், போதும் என்று இலையை மறைப்பதும் மாதிரி. ஐயா கொடுத்த திருத்தங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. ஒன்றுகூட நிறைவேறியதில்லை.

“அப்புறம் எதுக்குங்கய்யா குடுக்கறீங்க?” என்று ஒருமுறை கேட்டேன்.

“வாபஸ் வாங்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் பேசலாம்ல? அந்த அஞ்சு நிமிஷம்தான்டா எனக்குப் பண்டிகை.”

உறுப்பினர்கள் எதற்காக எதைச் செய்கிறார்கள் என்று பெரிய புத்தகங்கள் இருக்கலாம். நான் பார்த்தது அவர்களுடைய சட்டைப் பைகளை, துணி துவைப்பதற்கு முன்பு. ஐயாவின் பையில் எப்போதும் கட்சிக் கொறடாவின் தாள் இருக்கும். இன்றைக்குச் சபைக்கு வா, இப்படி ஓட்டுப் போடு என்கிற உத்தரவு அது. அதன் அடியில் கோடுகள். ஒரு கோடு என்றால் வந்தால் நல்லது. இரண்டு கோடு என்றால் வர வேண்டும். மூன்று கோடு போட்டிருந்தால் ஐயா காய்ச்சலோடும் போவார். அந்த மூன்று கோட்டை அவர் பார்க்கிற பார்வையை நான் மேஸ்திரியின் விரலைப் பார்க்கிறவர்களிடம்தான் பார்த்திருக்கிறேன். அடுத்த தேர்தலில் சீட்டு உண்டா இல்லையா என்பது அந்தக் கோடுகளில் இருந்தது.

பக்கத்துக் குடியிருப்பில் வடக்கத்தி உறுப்பினர் ஒருவர் இருந்தார். அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை, தன் கிராமத்தில் ரயில் நிற்க வேண்டும். உப்பைப் பற்றிய மசோதாவில் எழுந்தாலும் ரயிலில்தான் போய் முடிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. அங்கே எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பதற்கு ஒவ்வொருவருக்கும் ஒரு ரயில் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன்.

ஐயாவின் ரயில் முத்தியால்பேட்டையில் நின்றது. மாமனார் வீட்டில் மரியாதை வேண்டும். அவ்வளவுதான். அவருடைய மச்சான், மனைவியின் தம்பி, மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். வாய் அவருக்குப் பெரிய வாய். கூட்டத்தொடர் இல்லாத ஒரு மாதத்தில் ஐயாவோடு நானும் ஊருக்கு வந்திருந்தபோது, பஞ்சுத்தூசியால் நெஞ்சு கெட்டுப்போன ஆலைத் தொழிலாளர்களுக்கு ஆயுள் முழுக்க மருத்துவம் என்று ஒரு மசோதா முந்தைய கூட்டத்தொடரில் வந்திருந்தது. அதில் தொழிலாளி என்றால் பதிவேட்டில் பெயர் உள்ளவர் என்று எழுதியிருந்தது. நான் அக்காவிடம் சொன்னேன். அவள் அன்றைக்கே, கூடை சுமந்து வந்த சேலையோடு, அந்த வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

உள்ளே மச்சான் ஐயாவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“மாமா, டெல்லில என்னதான் வேல? டிவில காட்டறப்பல்லாம் ஒங்க பெஞ்சு காலியாவே கெடக்குது.”

“நான் கேமராவுக்கு இந்தப் பக்கம் ஒக்காருவேன்.”

“அப்போ அந்தப் பக்கம் மாறி ஒக்காருங்களேன். எங்கக்கா டிவியத் தொடச்சித் தொடச்சிப் பாக்குது, பாவம்.”

அக்கா அப்போதுதான் பேசினாள். “நான் புதுசா ஒண்ணும் கேக்கலீங்க. அந்த எடத்துல அன்னிக்கி நிக்க வேண்டியவங்க நின்னிருந்தா அவங்களுக்குக் கார்டு கெடைக்கும். நின்னது நானு.”

மச்சான் தொடைமேல் தட்டினார். “கேட்டீங்களா மாமா? இந்தத் தெருவுல பாதி வீடு பதிலி வீடு. இத ஒண்ணப் பண்ணிட்டு வாங்க, மேளம் வச்சிக் கூட்டியாறேன்.”

“பண்றேன்,” என்றார் ஐயா. அதை அக்காவைப் பார்த்துச் சொல்லவில்லை, மச்சானைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அதில் குறையொன்றும் இல்லை.

டெல்லி திரும்பியதும் ஐயா திருத்தத்தை எழுதினார். தொழிலாளி யார் என்று சொல்லும் பிரிவின் முடிவில், பதிலி ஆட்களும் இதில் அடங்குவர் என்று சேர்க்க வேண்டும். ஆங்கிலத்தில் நான்கைந்து சொற்கள். “பக்கம், வரி மட்டும் பாத்துப் போட்டு, ஆபீஸ்ல குடுத்துட்டு வந்துடு,” என்று தாளை என்னிடம் நீட்டினார். எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வரும். எண்ணுவது நன்றாகவே வரும். ஒட்டி முடித்த மசோதாவை விரித்து, மேலிருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்து எண்ணினேன். மூன்றாம் பக்கம், பதினெட்டாம் வரிக்குப் பின். எழுதினேன், கொடுத்தேன், ரசீதில் முத்திரை வாங்கினேன். திரும்பி வரும் வழியில் எனக்கு நானே ஒரு சமோசா வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பத்து நாள் ஐயா கண்ணாடி முன்னால் நின்று பேச்சை ஒத்திகை பார்த்தார். ஆலை வாசல், சங்கு, மேஸ்திரி விரல் எல்லாம் அதில் வந்தன. என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதியது. விரலை நீட்டுகிற இடத்தில் அவர் நிஜமாகவே விரலை நீட்டுவார். நல்ல பேச்சு. நான் துடைப்பத்தோடு நின்று கேட்பேன்.

மசோதா எடுக்கப்படும் நாளும் வந்தது. விடியற்காலைக் கட்டில் அச்சடித்த திருத்தப் பட்டியல் இருந்தது. ஐயாவின் பெயர், மூன்றாம் பக்கம், பதினெட்டாம் வரி. நான் எழுதிய எண் அச்சில் வந்திருக்கிறது. அக்காவுக்கு அனுப்பலாம் என்று தோன்றியது. ஒட்டாத சுத்தப் பிரதி ஒன்று அலமாரியில் இருந்தது. அதில் அந்த இடத்தில் சிவப்புக் கோடு போட்டு அனுப்பினால் எவ்வளவு அழகாக இருக்கும்! பேனாவைத் திறந்துகொண்டு எண்ணினேன்.

விரல் வேறு வரியில் போய் நின்றது.

மறுபடி எண்ணினேன். மறுபடியும் அங்கேதான். இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் ஒட்டியிருந்த திருத்தச் சீட்டில் பொடி எழுத்தில் இரண்டு வரி. அது மூடியிருந்தது ஒரு வரியைத்தான். கூடவே, ஓரத்தில் ஐந்து ஐந்து வரிக்கு ஒருமுறை அச்சிட்டிருக்கும் எண்ணையும் சேர்த்து மூடியிருந்தது. என் பசை, மூன்றாம் பக்கத்துக்கு ஒரு வரியைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டது. தொழிலாளி பற்றிய பிரிவு முடிவது பதினேழாம் வரியில். பதினெட்டாம் வரி அடுத்த பிரிவு, அந்த ஒரு வரியோடு முடிந்துவிடும் பிரிவு. அதில் ஓனர் என்று இருந்தது. அந்தச் சொல் எனக்குத் தெரியும். எல்லா லாரிக் கதவிலும் எழுதியிருக்கும்.

முதலாளி என்றால் ஆலைக்கு உரிமையாளர், பதிலி ஆட்களும் இதில் அடங்குவர்.

ஐயா முகத்தில் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தார்.

“ஐயா, ஒரு தப்பு நடந்துபோச்சுங்க.”

“பாலு திரிஞ்சிடிச்சா?”

“இல்லீங்க. சட்டம்.”

இரண்டு பிரதிகளையும் நீட்டினேன். அவர் பார்த்தார். நுரையின் ஒரு சொட்டு மூன்றாம் பக்கத்தில் விழுந்தது.

“அதாவது, இன்னிக்கி நான் எழுந்து நின்னு, பதிலி ஆளுங்கதான் ஆலைக்கு மொதலாளின்னு சொல்லப்போறேன்.”

“ஆமாங்க.”

“ஒங்கக்காவும் மொதலாளி.”

“ஆமாங்க.”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கட்டிலில் உட்கார்ந்தார். “இந்தப் பட்டியல் எல்லார் வீட்டுக்கும் போயிருக்கும். ஒருத்தன் படிச்சாப் போதும். நாளைக்கு என் மச்சான் சிரிக்கறது இங்க வரைக்கும் கேக்கும்.” இரண்டு பிரதிகளையும் மூடி மடியில் வைத்தார். “வயித்துவலின்னு படுத்துட்டா, பேரு கூப்பிடுவாங்க, ஆள் இல்லன்னு அடுத்ததுக்குப் போயிடுவாங்க. முடிஞ்சிடும்.”

முடிந்துவிடும்தான். புதிதாகத் திருத்தம் கொடுக்க நேரம் கடந்துவிட்டது. அன்றைக்கு மசோதா அப்படியே நிறைவேறினால் அக்கா அதற்கு வெளியே நின்றுவிடுவாள், ஆலை வாசலில் நின்றது மாதிரி. அவர் என்னைப் பார்த்தார்.

“ஒங்கக்கா மூஞ்சி வேற நடுவுல வருது,” என்று சலித்துக்கொண்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். “காரை எடுக்கச் சொல்லு. மந்திரி வீட்ட விட்டுக் கெளம்பறதுக்குள்ள போவணும்.”

ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் மழிக்காமலும் போனார். நான் காரில் முன்னால் உட்கார்ந்து, அமைச்சர் வீட்டு வேப்பமரத்தடியில் காத்திருந்தேன். அரை மணி நேரம் இருக்கும். அந்த அரை மணியில் அடுத்து எந்த ஊருக்குப் போகலாம் என்று முடிவு செய்துவிட்டேன். போபால்.

திரும்பி வந்து காரில் ஏறியவர் மழிக்காத கன்னத்தைத் தடவிக்கொண்டார். பிறகு தானே சொன்னார். அமைச்சரோடு ஓர் அதிகாரி இருந்தாராம். பென்சிலால் வரிகளை எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். பதிலி ஆட்களைச் சேர்க்கச் சொல்லி வந்த மனுக்கள் துறையிலேயே ஒரு கட்டு இருக்கிறது, யாரும் முடிவெடுக்காமல் கிடக்கிறது என்றாராம். அமைச்சர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். அன்றைக்குச் சாயங்காலம் அவருடைய மகளுக்கு நிச்சயதார்த்தம். மூன்று மணிக்கு விமானம்.

“நான் பேசினா என் பின்னாடி ஆறு பேரு எழுந்திரிப்பான், அவருக்கு ஃப்ளைட்டு போயிடும். அதனால, வரிய அவரே அரசாங்கத் திருத்தமாச் சேத்துக்கறாராம். நான் வாயத் தொறக்கக் கூடாது.”

“நீங்க என்ன சொன்னீங்கய்யா?”

“என்ன சொல்றது? பத்து நாளு கண்ணாடி முன்னாடி நின்னது வேஸ்ட்டுடா.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “ஒனக்குப் பாஸ் வாங்கித் தரேன். மேல ஒக்காந்து பாரு, நீ பண்ணின காரியத்த.”

பார்வையாளர் மாடத்தில் முன்னால் சாயக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, எழுதக் கூடாது, பேசக் கூடாது. சஃபாரி சட்டைக்காரர் ஒருவர் நின்று எங்கள் முட்டிகளைக் கவனித்துக்கொண்டே இருந்தார். கீழே பாதிக்கு மேல் காலி. ரயில்காரர் தலையைப் பின்னால் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஐயா நிஜமாகவே கேமராவுக்கு இந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் பிரிவு வந்தது. ஐயாவின் பெயரைச் சொல்லி, திருத்தத்தை முன்மொழிகிறீர்களா என்று கேட்டார்கள். ஐயா பாதி எழுந்தார். சட்டைப் பையில் அந்தப் பேச்சு மடித்து வைத்திருந்தது எனக்குத் தெரியும், இஸ்திரி போட்டுக் கொடுத்தவன் நான். “இல்லை,” என்றார். உட்கார்ந்தார். அமைச்சர் எழுந்து, பதினேழாம் வரிக்குப் பின் என்று ஏதோ படித்தார். ஆதரிப்பவர்கள் ஆம் என்க. ஆம் என்றார்கள். ரயில்காரர் கண்ணைத் திறக்காமலே ஆம் என்றார். எதிர்ப்பவர்கள்? சத்தமில்லை. சட்டைப் பொத்தான் ஒன்றைப் போடுகிற நேரம்கூட ஆகவில்லை. அக்கா பதினேழு வருஷம் நின்ற வரிசை முடிந்துவிட்டது.

கீழே இறங்கி வந்து அவளுக்குப் போன் செய்தேன். சந்து முனை மளிகைக் கடைக்குத்தான் செய்ய வேண்டும், யாராவது ஓடிப்போய்க் கூட்டி வருவார்கள்.

“வந்துடிச்சிக்கா.”

“என்ன வந்துடிச்சி?”

“வரி.”

மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. ஓடி வந்திருக்கிறாள். “சாப்ட்டியாடா?” என்றாள். இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது மேளம் ஒன்றும் வரவில்லை. “டிவில பாத்தோம் மாமா,” என்றார் மச்சான். “நீங்க எழுந்தீங்க, இல்லன்னீங்க, ஒக்காந்துட்டீங்க. மந்திரிதான் பண்ணினாருன்னு பேப்பர்ல போட்டிருக்குது. ஒங்க பேரே காணோம்.” ஐயா இடியாப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் மரியாதை கிடைக்கும், ஆனால் வரி எண்ணிய கதையும் கூடவே வெளியே வரும். அவர் கணக்குப் போட்டுப் பார்த்து இடியாப்பத்தைத் தேர்ந்தெடுத்தார்.

அக்காவிடம் நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அன்று மத்தியானம் அவள் வைத்திக்குப்பத்திலிருந்து பெரிய கொடுவா மீன் ஒன்றோடு வந்தாள். மச்சானிடம் நீட்டி, “மொதலாளியம்மா குடுத்தாங்கன்னு மாமாகிட்ட சொல்லுங்க,” என்றாள்.

“எந்த மொதலாளியம்மா?”

உள்ளேயிருந்து ஐயா சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. புரையேறிக் கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். மச்சானுக்குக் கடைசி வரை விளங்கவில்லை. என்னை ஐயா வேலையை விட்டு அனுப்பவில்லை. கத்தரிக்கோலை மட்டும் தன் மேசைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்து என் கால்தான் அரித்தது.

ஒன்பது மணிக்குக் கவுன்டர் திறந்தது. கம்ப்யூட்டர் முன்னால் இருபத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண். கார்டை வாங்கினாள், எண்ணைத் தட்டினாள். திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். சட்டம் எடுத்துட்டாங்களாமே என்று நான்தான் கேட்டேன்.

“ஆமாங்க, எடுத்துட்டாங்க. ஆனா ஏற்கெனவே வாங்கிட்டு இருக்கறவங்களுக்கு அப்படியே தொடரும்னு போட்டிருக்காங்க. இந்தாங்க, ஒங்க பேரு இருக்குது.” சீட்டு அச்சாகி வெளியே வந்தது. என் மணிக்கட்டில் இருந்த பிடி தளர்ந்தது. ரத்தம் மறுபடி விரல்களுக்குப் போவதை உணர்ந்தேன்.

அந்தப் பெண் திரையைப் பார்த்துக்கொண்டே, “இங்க பிரிவுன்னு ஒரு கட்டத்துல பதிலின்னு இருக்குதும்மா. அப்படின்னா என்ன?” என்றாள்.

“வராதவங்க எடத்துல நிக்கறவங்க,” என்றாள் அக்கா.

“ஓ. நம்ம ஆஸ்பத்திரில இந்தக் கட்டத்துல ஒங்க ஒரு பேருதான் இருக்குது.”

அக்கா சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். “முன்ன நெறைய பேரு இருந்தாங்கம்மா,” என்றாள்.

வெளியே வந்தபோது போஸ்டர்காரர் போய்விட்டிருந்தார். பசை காய்ந்துகொண்டிருந்தது. ஐயா இறந்து வெகுகாலம் ஆகிறது, அதனால்தான் இதையெல்லாம் சொல்கிறேன். டெல்லியில் இப்போது எல்லோர் கையிலும் பலகை மாதிரி ஒரு கணினி இருக்கிறதாம். விடியற்காலைக் கட்டு இல்லை, சீட்டு இல்லை, பிழையை இருந்த இடத்திலேயே திருத்திவிடுகிறார்கள். சபையே பக்கத்தில் புதுக் கட்டடத்துக்கு மாறிவிட்டது. முட்டிகளைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த மாடம் வெறுமனே இருக்கும். எங்கள் வரியும் அதைத் தாங்கிய சட்டமும் இல்லை. அதற்கு முன்பே ஆலை இல்லை.

வீட்டுக்குப் போக ஆட்டோவுக்கு நின்றோம். அக்கா அந்தச் சீட்டைக் காட்டி வாங்கிய புது இன்ஹேலரைக் காதோரம் வைத்துக் குலுக்கினாள். சத்தமே வரவில்லை. நிறைய இருந்தால் சத்தம் வராது.